வாசிச்சனீங்களோ அன்ரி

கொட்டாஞ்சேனையில் நாங்கள் குடியிருந்த ஒழுங்கையின் வாசலில் ஒரு கொமினிகேஷன் இருந்தது. ஒரு காலத்தில் வெளிநாட்டுக்கு ரெலிபோன் எடுக்க ஆட்கள் வரிசையில் நின்ற கடை. கைத்தொலைபேசி வந்தபிறகு போட்டோக் கொப்பி, லமினேட், பாடசாலை விண்ணப்பம் என்று ஒருமாதிரி இழுத்துப் பிடித்துக்கொண்டிருந்தது. அதை நடத்தியவர் ஒரு அன்ரி. அறுபதை எட்டிய வயது, பூப்போட்ட கவுன், கறுப்புக் கயிற்றில் தொங்கும் மூக்குக்கண்ணாடி. வேறு கடையில் ஒரு தாளைக் கொடுத்து ரெண்டு கொப்பி என்றால் ரெண்டு கொப்பி வரும். இவரிடம் முதலில் கண்ணாடி மூக்கில் ஏறும். பிறகு விரல் முதல் வரியில் வந்து நிற்கும். பிறகு கேள்வி வரும்.

"வாசிச்சனீங்களோ?"

"இல்லை அன்ரி, அது சிங்களத்தில இருக்கு. கையெழுத்து மட்டும் வைக்கச் சொன்னவை."

"அப்ப என்னத்துக்குக் கையெழுத்து வைச்சனீங்கள்? வடிவாயிருக்கெண்டோ?"

இப்படி ஒரு வியாபாரம் எந்த நாட்டில் உருப்படும்? ஞானஸ்நானத்தில் வைத்த நீளமான பெயர் ஒன்று அவருக்கு இருந்தது. எங்கள் ஒழுங்கை அதை மறந்துவிட்டு 'வாசிச்சனீங்களோ அன்ரி' என்று வைத்துக்கொண்டது. அவசரக்காரர்கள் அவருடைய கடையைத் தாண்டி மற்றத் தெருவுக்குப் போய்க் கொப்பி எடுத்தார்கள். நானும் அப்படித்தான். எனக்கு எப்போதும் அவசரம்.

ஆனால் பொலிஸ் காகிதம், நீதிமன்றக் காகிதம் என்று ஏதாவது கைக்கு வந்துவிட்டால் எல்லோரும் அவரிடம்தான் ஓடினார்கள். தமிழும் சிங்களமும் அவருக்கு ஒரே வேகத்தில் வாசிக்கவரும். வாசித்து, விளங்கப்படுத்தி, தாளைக் கவிழ்த்து வைத்துவிடுவார். அதில் இருந்ததை வேறு ஒருவருக்கும் சொல்லமாட்டார். எங்கள் ஒழுங்கையில் அப்படி வாயை மூடி வைத்திருந்த ஒரே பிறவி அவர்தான் என்று நினைக்கிறேன்.

கடையின் உள்சுவரில் அந்தோனியார் படத்துக்குப் பக்கத்தில் தமிழில் தட்டச்சு செய்த ஒரு தாளை லமினேட் பண்ணி ஒட்டியிருந்தார். பொலிசில் வாக்குமூலத்தைத் தமிழில் கொடுக்கலாம். எழுதியதை விளங்கும் மொழியில் வாசித்துக் காட்டச் சொல்லிக் கேட்கலாம். பிழை இருந்தால் திருத்தலாம், விடுபட்டதைச் சேர்க்கலாம். அதன்பிறகு கையெழுத்து. கீழே, பேனையால், அவருடைய சொந்தச் சேர்க்கை: 'உண்மையைச் சொல்லவேண்டியது எங்கட கடமை. அழைப்பாணை வந்தா போகவேண்டியதும் எங்கட கடமை.' கொப்பி எடுக்க வந்தவர்கள் அந்தோனியாரைக் கும்பிட்டார்கள். பக்கத்துத் தாளை யாரும் வாசிக்கவில்லை. அது தமிழில்தான் இருந்தது.

ஒருமுறை ஒழுங்கைக்குள் ஒரு கல்யாணம். பதிவுக்குச் சாட்சியாக இவரைக் கூப்பிட்டார்கள். அது பெண்வீட்டாரின் முதல் பிழை. பேனையைக் கையில் கொடுத்துவிட்டு வீடியோக்காரர், "அன்ரி, கமராவைப் பார்த்துச் சிரியுங்கோ" என்றார். அன்ரி கமராவைப் பார்க்கவில்லை. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பதிவுப் புத்தகத்தை மேலிருந்து வாசிக்கத் தொடங்கினார். மண்டபம் காத்திருந்தது. கேக்கின் கிறீம் ஒரு பக்கம் சரியத் தொடங்கியது. பெண்ணின் பெரியம்மா, "சாட்சிக்குக் கூப்பிட்டா இவ சோதினைப் பேப்பர் திருத்துறா" என்று எல்லோருக்கும் கேட்கும்படி குசுகுசுத்தார்.

அன்ரியின் விரல் ஓரிடத்தில் நின்றது. "பிள்ளை பிறந்த வருஷத்தைப் பாருங்கோ ஐயா. இதின்படி பொம்பிளைக்கு வயசு ஒன்பது."

பதிவாளர் திருத்தினார். பெரியம்மா அதற்குப் பிறகு அன்ரியோடு கதைக்கவே இல்லை. பிழை பிடிபட்டதில் யாருக்கும் நன்றி இல்லை, நேரம் போனதில் எல்லோருக்கும் கோபம்.

இன்னொரு முறை இரண்டு பொலிஸ்காரர் கடைக்கு வந்தார்கள். எந்தப் பொலிஸ் நிலையம் என்று சொல்லமாட்டேன்; நானும் கொழும்பில் சீவிக்கவேண்டும். பக்கத்து வளவில் ஏதோ பொருளைத் தேடி எடுத்தார்களாம், அயலவர் ஒருவரின் கையெழுத்துத் தேவையாம். அன்ரி அவர்களுக்குப் பிளேன்டீ ஊற்றிக் கொடுத்து, அவர்களுடைய மொழியிலேயே மரியாதையாகச் சொன்னார்: "மாத்தயா, நீங்கள் எடுக்கும்போது நான் இங்கே கொப்பி அடித்துக்கொண்டிருந்தேன். காணாததற்குச் சாட்சி வைத்தால் நாளைக்கு வழக்கில் உங்களுக்குத்தான் கரைச்சல்." அவர்கள் தேநீரைக் குடித்துவிட்டு அடுத்த கடைத் தையல்காரரிடம் போனார்கள். அவர் நல்ல மனிதர், ஒரு கேள்வியும் கேட்காமல் கையெழுத்து வைத்தார். பிறகு இரண்டு வருடமாக அவர் தவணைக்குத் தவணை கடையைப் பூட்டிவிட்டுப் புதுக்கடை நீதிமன்றத்துக்குப் போய்வந்தார். எங்கள் ஒழுங்கை அந்தத் தையல்காரரைத்தான் அனுசரித்துப் போகத் தெரிந்தவர் என்று புகழ்ந்தது.

நானும் அனுசரித்துப் போகத் தெரிந்தவன்தான். அதைத்தான் இனிச் சொல்லவேண்டும்.

ஒரு பின்னேரம் மேல்மாடிப் பல்கனியில் தேநீரோடு நின்றேன். கீழே கோயிலுக்குப் போய்க்கொண்டிருந்த ஒரு அம்மாவின் சங்கிலியை எவனோ அறுத்துக்கொண்டு ஓடி, முக்கில் நின்ற ஒரு பச்சை ஓட்டோவில் ஏறிப் போய்விட்டான். நான் கண்டது பச்சை ஓட்டோவின் பின்பக்கம். ஓடியவன் முகத்தைக் காணவில்லை, ஓட்டியவரைக் காணவில்லை, இலக்கத்தைக் காணவில்லை. நல்ல சாட்சிக்கு வேண்டிய எல்லாத் தகுதியும் எனக்கு இருந்தது.

எங்கள் ஒழுங்கை முக்கில் வழக்கமாக ஒரு பச்சை ஓட்டோ நிற்கும். ஓட்டுபவர் மட்டக்குளித் தொடர்மாடிக்காரர், ஆதியில் மலைநாட்டுத் தோட்டத்திலிருந்து வந்த குடும்பம். என் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் இறக்கிவிட்டவர் அவர்தான். பச்சை ஓட்டோ, களவென்றால் பொலிஸ் முதலில் போய் நிற்கும் மட்டக்குளி முகவரி. இரண்டையும் கூட்டிப் பார்த்தவர்கள் விடை கண்டுவிட்டார்கள். நான் பல்கனியில் நின்றதை யாரோ சொல்லியிருக்க, பொலிசார் என்னை வாக்குமூலத்துக்கு வரச்சொன்னார்கள்.

"கண்டதெண்டு ஒண்டும் சொல்லாதேங்கோ. காணேல்ல எண்டும் சொல்லாதேங்கோ," என்றார் என் மனைவி. "கெதியா முடிச்சுப்போட்டு வாங்கோ. பாரை மீன் குழம்பு வைக்கிறன், ஆறினா நல்லாயிராது."

இந்தச் சட்ட ஆலோசனையோடு போனேன். கதிரையில் இருந்த அதிகாரி நல்லவர். சிங்களத்தில் கதைத்தார். தமிழில் சொல்லலாமா என்று நான் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. கொழும்பில் பிறந்து வளர்ந்த தமிழனுக்கு அது ஒரு மானப் பிரச்சினை. எங்களுக்குச் சிங்களம் தண்ணி பட்ட பாடு என்றல்லவா நினைப்பு! என்னுடையது மீன் வாங்கும் சிங்களம். மீன் எப்போது வந்தது, செவுளைக் காட்டு, தலையை வெட்டாதே என்று அழகாகக் கதைப்பேன். அதை வைத்துக்கொண்டு ஒரு கொள்ளைச் சம்பவத்தை விவரித்தேன். அவர் நீளமாக ஏதோ கேட்டபோது விளங்கவில்லை என்று சொல்ல வெட்கமாக இருந்தது. அதனால் "ஹரி, ஹரி" என்றேன். சரி, சரி என்று அர்த்தம். இன்னும் நீளமாகக் கேட்டார். இன்னும் உற்சாகமாகத் தலையாட்டினேன். எழுதி முடித்து என் பக்கம் திருப்பினார். ஒரு பக்கம் முழுக்க வட்ட வட்டமாக எழுத்து. கீழே கையெழுத்து வைத்தேன். பன்னிரண்டரைக்கு வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். குழம்பு சூடாக இருந்தது.

ஓட்டோக்காரரைப் பிடித்து விளக்கமறியலில் போட்டார்கள் என்று கேள்விப்பட்டேன். 'ஐயோ பாவம்' என்று சொன்னேன். பொலிஸ் பிழை விட்டிருக்கும் என்றும் சொன்னேன். அரசாங்கத்தைப் பற்றி, மொழிப் பிரச்சினையைப் பற்றி அலுவலகத்தில் அரை மணி நேரம் உருக்கமாகக் கதைத்தேன்.

இருபத்து மூன்றாம் நாள் காலை, கடையை விட்டு அசையாத அன்ரி எங்கள் மாடிப்படி ஏறி வந்தார். மூச்சு வாங்கியது. இருக்கச் சொன்னோம், இருக்கவில்லை. பொலிசார் நீதிமன்றத்துக்குக் கொடுத்த அறிக்கையின் கொப்பி ஒன்று கையில் இருந்தது. ஓட்டோக்காரரின் மனைவி அதை வக்கீலிடமிருந்து வாங்கி, வாசித்துச் சொல்லச்சொல்லி அன்ரியிடம் கொண்டுவந்திருந்தார்.

"தம்பி, இது உங்கட வீட்டு இலக்கம்தானே?"

"ஓம் அன்ரி."

"மேல்மாடியில நிண்ட நீங்கள், இந்த ஓட்டோவும் இந்த ஆளும்தான் எண்டு வடிவாக் கண்டு அடையாளம் சொன்னதெண்டு கிடக்கு. கண்டனீங்களோ?"

"இல்லை."

"அப்ப கையெழுத்து?"

அடுத்த கேள்வி எதுவென்று எனக்குத் தெரியும். அவர் கேட்டே விட்டார்.

"வாசிச்சனீங்களோ?"

என் மனைவி குறுக்கே வந்தார். "அன்ரி, இவர் இனிப் போய் மாத்திச் சொன்னா இவரையெல்லோ பிடிச்சு உள்ள போடுவாங்கள். எங்களுக்கு ரெண்டு பிள்ளையள்."

"அந்த ஆளுக்கு மூண்டு," என்றார் அன்ரி. "பொய் சொன்னா குற்றம் பிள்ளை. பிழையெண்டு தெரிஞ்சும் வாயை மூடிக்கொண்டிருந்தா அதுக்குப் பேர் என்ன, மௌன நோன்போ? அடுத்த தவணைக்கு அஞ்சு நாள் கிடக்கு. வக்கீலிட்டயும் கேட்டனான். திரும்பப் போய் மேலதிக வாக்குமூலம் குடுக்கலாம். சட்டையைப் போடுங்கோ தம்பி."

எனக்கு அவர்மேல் வந்த கோபம் கொஞ்சமல்ல. கொப்பிக்காரி, கொப்பி அடிப்பதை விட்டுவிட்டு ஊர் வழக்கு பார்க்கிறாள் என்று மனதுக்குள் திட்டினேன். திட்டிக்கொண்டே சட்டையைப் போட்டேன். பயம்தான், வேறொன்றுமில்லை. போகாவிட்டால் அவர் நாளைக்கும் படியேறி வருவார் என்ற பயம்.

பொலிஸ் நிலைய வாங்கில் இரண்டரை மணி நேரம் இருந்தோம். தமிழ் தெரிந்த அதிகாரி வெளியே போயிருந்தார். வேண்டுமானால் சிங்களத்திலேயே கெதியாக முடிக்கலாம் என்றார்கள். நான் 'ஹரி' என்று வாயெடுத்தேன். அன்ரி என்னைப் பார்த்தார். நாங்கள் காத்திருக்கிறோம் என்று சொன்னேன்.

காத்திருந்தபோதுதான் அதைச் சொன்னார். கண்ணாடியைக் கவுனின் ஓரத்தால் துடைத்தபடி, மழை வரும்போல இருக்கிறது என்று சொல்வதுபோல.

"என்ட தம்பியும் ஒருக்கா ஒரு கையெழுத்து வைச்சவன். அந்தக் காலத்தில. சிங்களத்தில எழுதினது, அவனுக்கு ஒரு எழுத்தும் தெரியாது. நாலு வருஷம்."

"பயப்படுத்தி வாங்கினதோ அன்ரி?"

"அவனுக்குப் பயம். உங்களுக்கு என்ன தம்பி?"

நான் சுவரிலிருந்த அறிவித்தலை வாசிப்பதுபோல நடித்தேன். அவருடைய தம்பி வெளியே வந்தபிறகு என்னவானார் என்று அன்றைக்குக் கேட்கவில்லை. பிறகும் கேட்கவில்லை. அன்ரி சிங்களம் வாசிக்கப் பழகியது அந்த நாலு வருடத்தில்தான் என்று ஓட்டோக்காரரின் மனைவி சொல்லித்தான் தெரியும்.

தமிழ் தெரிந்த அதிகாரி வந்தார். நல்ல தமிழ். என் முதல் வாக்குமூலத்தை எடுத்து எனக்கு வாசித்துக் காட்டினார். 'மேற்படி நபரை எனக்கு நன்றாகத் தெரியும். அவரே ஓட்டியதை நான் தெளிவாகக் கண்டேன்.' அது என் பெயரில், என் கையெழுத்துக்கு மேலே இருந்தது. அவர்கள் கேட்டிருக்கிறார்கள், நான் ஆமாம் போட்டிருக்கிறேன். என் காது சுட்டது. நான் கண்டதை மட்டும், காணாததைக் காணவில்லை என்று, தமிழில் சொன்னேன். எழுதியதை வாசித்தேன். இரண்டாம் முறையும் வாசித்தேன். ஓட்டோ 'மேற்கே' போனது என்று இருந்தது; எனக்குத் திசை தெரியாது, ஒழுங்கை முக்கில் திரும்பியது என்று திருத்தச் சொன்னேன். அதிகாரி பெருமூச்சு விட்டார், ஆனால் திருத்தினார். என்னை ஒருவரும் உள்ளே போடவில்லை.

தவணை நாளில் நீதிமன்றத்துக்கும் வரச்சொன்னார்கள். என்னைச் சாட்சிக் கூண்டில் ஏற்றினார்கள். எதிர்ப்பக்கம், கம்பிக்குப் பின்னால், அவர் நின்றார். தாடி வளர்ந்திருந்தது. என் பிள்ளைகளின் புத்தகப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வருகிறவர். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

நீதவான் மொழிபெயர்ப்பாளர் மூலம் கேட்டார். இது உம்முடைய கையெழுத்தா? ஓம். வாசித்தீரா? இல்லை. ஏன் வாசிக்காமல் வைத்தீர்?

"அவசரம்."

"என்ன அவசரம்?"

உண்மை சொல்லுவதாகச் சத்தியம் செய்திருந்தேன். வேறு நல்ல காரணம் ஒன்றைத் தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை.

"மத்தியானச் சாப்பாடு," என்றேன்.

அது சிங்களத்தில் போனதும் மன்றில் சிரிப்பு எழுந்தது. வக்கீல்மார் சிரித்தார்கள், பொலிஸ்காரர் சிரித்தார்கள். கம்பிக்குப் பின்னால் நின்றவர் சிரிக்கவில்லை. பின்வரிசை வாங்கிலிருந்த அன்ரியும் சிரிக்கவில்லை.

அன்றைக்கு அவருக்குப் பிணை கிடைத்தது. சில தவணைகளுக்குப் பிறகு வழக்கிலிருந்தே விடுவித்தார்கள். இருபத்தெட்டு நாள் உள்ளே இருந்திருக்கிறார். ஒரு சட்டி மீன் குழம்பு. நினைக்கும்போது இன்றைக்கும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

நீதிமன்ற வாசலில் அன்ரி ஏதாவது நல்ல வார்த்தை சொல்லுவார் என்று கொஞ்சம் எதிர்பார்த்தேன் என்பதை ஒப்புக்கொள்ளவேண்டும். துணிச்சல் என்ற சொல் வந்தாலும் மறுத்திருக்கமாட்டேன். அவர் தன் பையைத் தேடிக்கொண்டிருந்தார்.

"கடையைப் பூட்டிப்போட்டு வந்தனான். நூற்று முப்பத்தெட்டு பஸ் எந்தப் பக்கம் வரும்?"

"அது கொட்டாஞ்சேனைக்குப் போகாது அன்ரி."

"பாத்தீங்களோ, போர்டை வாசிச்சிருக்கிறீங்கள்," என்றார். அவர் எனக்குச் சொன்ன ஒரே பாராட்டு அது.

நாங்கள் வெள்ளவத்தைக்கு மாறி ஏழு வருடமாகிறது. இந்தத் தொடர்மாடியில் லிப்டில் ஒருவர் முகம் மற்றவருக்குத் தெரியாது. ஆனால் எல்லோரும் கையெழுத்து வைக்க மாதம் ஒரு தாள் சுற்றிவரும். காவலாளி கொண்டுவந்து நீட்டுவார். நான் கண்ணாடியைத் தேடுவேன். நாலாம் மாடிக்காரர் இருபது பேர் வைத்துவிட்டார்கள் என்று அவர் சொல்வார். நான் வாசிப்பேன். எனக்கு இங்கே என்ன பட்டப்பெயர் வைத்திருக்கிறார்கள் என்று தெரியாது. நல்லதாக இருக்க வாய்ப்பில்லை.

போன வருடம் அன்ரி போய்விட்டார். செத்தவீட்டுக்கு ஒழுங்கை முழுக்க வந்தது, அந்தப் பெரியம்மாவைத் தவிர. ஓட்டோக்காரரும் வந்திருந்தார். அன்றைக்கும் நாங்கள் இருவரும் கதைத்துக்கொள்ளவில்லை. வழக்கு முடிந்த நாளிலிருந்து அப்படித்தான், தலையசைப்போடு சரி. அவர் என் பிள்ளைகளை அதன்பிறகு ஏற்றவில்லை, நான் கேட்கவுமில்லை.

இந்த வைகாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கதவுமணி அடித்தது. அவர். கையில் மூத்த மகளின் கல்யாணக் காட். மட்டக்குளியில் ஒரு மண்டபம். "பதிவுக்கு ரெண்டு சாட்சி வேணும்," என்றார் நிலத்தைப் பார்த்துக்கொண்டு. "ஒன்னு அன்ரிதான்னு வச்சிருந்தேன். அவங்க இல்ல. நீங்க வரணும்."

ஓம் என்றேன்.

கல்யாண நாளன்று பதிவாளர் புத்தகத்தைத் திருப்பி, பேனையை நீட்டினார். வீடியோக்காரர் கமராவைப் பார்க்கச் சொன்னார். மாப்பிள்ளைக்கு வியர்த்தது. மேசையைச் சுற்றிச் சொந்தக்காரர் நெருக்கியடித்துக்கொண்டு நின்றார்கள். சாப்பாட்டு மணம் வந்துகொண்டிருந்தது. நான் கண்ணாடியைப் போட்டு, முதல் வரியில் விரலை வைத்தேன். பெயர், பிறந்த திகதி, தகப்பன் பெயர், தொழில். பின்னால் யாரோ ஒரு பெண் சலித்துக்கொண்டார். "என்னங்க, கையெழுத்துத்தானே!" பதிவாளர் மணிக்கூட்டைப் பார்த்தார். அன்ரி அந்த இடத்தில் இருந்திருக்கவேண்டும் என்று நினைத்தேன். எழுத்துகள் கலங்கின, விட்ட இடம் தெரியாமல் மறுபடி மேலே போனேன். சலிப்புச் சத்தம் கூடியது. சரி போதும் என்று பேனையை எடுத்தேன்.

பெண்ணின் தகப்பன் என் கைமேல் தன் கையை வைத்தார்.

"ஆறுதலா வாசிங்கண்ணே," என்றார். "எனக்கு ஒன்னும் அவசரமில்ல."